குழாய்த் தண்ணீருக்குப் பூக்காத செடி

அன்புள்ள வாசகருக்கு,

ஆஸ்டின் வீட்டு வாசலில் நட்ட டெக்சஸ் சேஜ் பூக்கவே மாட்டேன் என்கிறது, உள்பக்க இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். தினமும் தண்ணீர் விடுகிறீர்கள், மாதாமாதம் உரமும் போடுகிறீர்கள். முதலில் இரண்டையும் நிறுத்துங்கள்.

ஓர் இலையைக் கிள்ளி விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் பூச்சு விலகி அடியில் பச்சை தெரியும். பூச்சு என்று நாம் நினைப்பது நுண்ணிய மயிர். வெயிலைத் திருப்பி அனுப்பி, இலையின் ஈரத்தைக் காப்பது அதுதான். ரியோ கிராண்டே ஆற்றோரத்து வறண்ட சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் புதர் இது. வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

ஊரின் எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள்? ஐ-35 சாலைக்கு மேற்கே என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை, கவலையில்லை. கிழக்கே என்றால் கரிசல். நம் கோவில்பட்டிக் கரிசலின் இனம்தான் அது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் காலை விடாது. பருத்திக்கு நல்ல மண், இந்தச் செடிக்கு ஆகாது. அங்கே குழி வெட்டி நட்டால் குழியே தொட்டியாகிவிடும். சரளை கலந்து ஓரடிக்கு மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள். தொழுஉரம்கூட வேண்டாம். முதல் கோடையில் மட்டும், மண் நன்றாகக் காய்ந்தபின் ஆழ நனையும்படி தண்ணீர் விட்டால் போதும்.

பூவுக்கு முழு வெயில் வேண்டும். அதோடு காற்றில் ஈரம் ஏற வேண்டும். கோடை மழைக்குச் சில நாட்களில் புதர் முழுக்க ஊதாவாகிவிடும். பாரோமீட்டர் புதர் என்று டெக்சஸ்காரர்கள் சொல்வது அதனால்தான். 2005-இல் டெக்சஸ் இதை மாநிலத்தின் பூர்வீகப் புதராக அறிவித்தது. அறிவித்து என்ன, தோட்ட வேலைக்காரர்கள் மெஷின் கத்தரியால் கோடை முழுக்க இதை உருண்டையாகச் செதுக்குகிறார்கள், மொட்டு வரும் இளங்கிளையெல்லாம் குப்பைக்குப் போகிறது. எனக்குப் பார்க்கவே பொறுக்காது. கவாத்து வேண்டுமானால் குளிர்காலக் கடைசியில், கையால், கொஞ்சமாக.

சமையலுக்கு இலை பறிக்காதீர்கள். சமையல் சேஜுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை.

வேர் ஏற்கெனவே அழுகியிருந்தால் இந்தச் செடியை விட்டுவிட்டு, இலையுதிர்காலத்தில் புதிது நடுங்கள். ஜன்னலடியில் என்றால் காம்பாக்டா ரகம் கேளுங்கள். சாதாரண ரகம் எட்டடி வரை எழும்பி ஜன்னலை மறைத்துவிடும்.

அன்புடன்,
தோட்டப் பகுதி ஆசிரியர்