தெரிந்து கொள்வோம்: ஸ்டாம்பில் படம் வரைவது யார்?



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "என் மக டிசைன் கோர்ஸ் முடிச்சிருக்கா. ஸ்டாம்புக்கு படம் போடுற வேலையில சேர்த்து விடுறேன், 5,000 ரூபா கட்டுங்கன்னு ஒருத்தர் சொல்றார். கட்டலாமா?" அந்த ஆள் காட்டிய அத்தாட்சி, அவர் போட்டோவே அச்சான ஸ்டாம்புகள். நாங்களும் முதலில் நம்பிவிட்டோம்.

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது அஞ்சல் துறையின் 'மை ஸ்டாம்ப்' திட்டம். 300 ரூபாய் கட்டினால் நம் போட்டோவையும் சேர்த்து 12 ஸ்டாம்புகள் கொண்ட ஒரு தாள் அச்சடித்துத் தருவார்கள். டிசைனர் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நல்லவேளை, அக்கா பணம் கட்டவில்லை.

சரி, உண்மையான வழி எது? யாருக்கு, எதற்கு ஸ்டாம்பு வெளியிடுவது என்பதை அஞ்சல் துறை முடிவு செய்கிறது. வரைந்து தர ஓவியர்கள் இருக்கிறார்கள். அல்கா சர்மா என்ற பெண் வடிவமைத்த ஸ்டாம்புகள் பல வந்துள்ளன. வெளியில் இருப்பவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு, துறை அவ்வப்போது அறிவிக்கும் வடிவமைப்புப் போட்டிதான். குழந்தைகள் தின ஸ்டாம்பில் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படமே பல ஆண்டுகள் வந்திருக்கிறது.

கை நன்றாக வரைந்தால் மட்டும் போதாது. நினைவு ஸ்டாம்பு பெரும்பாலும் 4 செ.மீ.க்கு 3 செ.மீ. தான். அதற்குள் நாட்டின் பெயர், விலை, ஆண்டு, தலைப்பு எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரவேண்டும். மிச்ச இடம்தான் படத்துக்கு. நம் மசாலா பாக்கெட் லேபிள் ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டரில் பெரிதாக, அழகாக இருந்த மிளகாய்க் கொத்து, அச்சில் வெறும் சிவப்புக் கறையாக வந்து அத்தனை லேபிளும் வீணாச்சே! அதே கதைதான். வரைந்ததை ஸ்டாம்பு அளவுக்குச் சுருக்கி பிரிண்ட் எடுத்து, கை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கோட்டை எடுத்துவிட வேண்டும். 2000-ல் மதுபனி ஓவியங்கள் ஸ்டாம்பாக வந்தன. பீகார் கிராமத்துப் பெண்கள் வீட்டுச் சுவரில் வரைந்து வந்த கலை அது. பட்டையான கோடு என்பதால் சிறிதானாலும் தெளிவாக நிற்கும்.

இன்னொன்று, போட்டி விதிகளில் படத்தின் உரிமை யாருக்கு என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. இணையத்தில் எடுத்த படத்தை மாற்றி வரைந்தும் அனுப்பக்கூடாது.

இதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். லேபிள், பத்திரிகை, நோட்டீஸ் வேலைதான் மாத வருமானம் தரும். அக்காவின் மகள் இப்போது தலைமைத் தபால் ஆபீசில் புது ஸ்டாம்புகளும், அவற்றோடு வரும் தகவல் தாள்களும் வாங்கிப் பார்த்து வருகிறாள். வரைந்தவர் பெயர் அந்தத் தாளில்தான் இருக்கும். போட்டி அறிவிப்பு வந்தால் கூட்டமைப்பு அலுவலகப் பலகையில் ஒட்டுகிறோம்.