பொய் எச்சரிக்கை தரும் ஜி.பி.எஸ்.

கேள்வி: சஞ்சீவி நகர் பக்கம் பைபாஸில் அளவான வேகத்தில் போனாலும் என் கார் ஜி.பி.எஸ். கருவி 'வேகத்தைக் குறையுங்கள்' என்கிறது. உத்திர வீதியில் போனால் பக்கத்துத் தெருவைக் காட்டுகிறது. கருவி பழுதா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்தே அது இடத்தைக் கணிக்கிறது. வெட்டவெளியிலேயே சில மீட்டர் பிசகும். பைபாஸை ஒட்டி சர்வீஸ் ரோடு இருக்கும் இடங்களில், நீங்கள் அதில் போவதாக எண்ணி அதன் வேக வரம்பைச் சொல்லிவிடும். கோயில் மதில் ஓங்கி நிற்கும் வீதிகளில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் இடம் தவறுகிறது.

முதலில் வரைபடத்தைப் புதுப்பியுங்கள். பழைய வரைபடத்தில் பழைய வரம்புதான் இருக்கும். நீங்களே சேமித்து வைத்த எச்சரிக்கைப் புள்ளிகளில் வேண்டாதவற்றை அழியுங்கள். முன்கண்ணாடி அருகே, வானம் தெரியும்படி கருவியைப் பொருத்துங்கள். உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் சிக்னலை மங்கச் செய்யும். கிளம்புமுன் திறந்தவெளியில் ஓரிரு நிமிடம் காத்திருங்கள்.

ஓட்டும்போது மட்டும் கருவியைத் தொடாதீர்கள். அது என்ன சொன்னாலும், சாலையோரப் பலகையில் உள்ள வேகமே உங்களுக்கான வரம்பு.