பழைய நோயும் கப்பல் பயணக் காப்பீடும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் முதலிய துறைமுகங்களிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் புறப்படும் சொகுசுக் கப்பல்களில் ஓய்வுபெற்றோர் பெருமளவில் பயணம் செய்கின்றனர். இரத்த அழுத்தமோ, சர்க்கரையோ, இதய நோயோ இல்லாதவர் அவர்களுள் அரியர். அத்தகையோர் பயணக் காப்பீடு எடுக்கும்போது முதலில் அறியவேண்டியது, அந்நாட்டில் விற்கப்படும் பெரும்பாலான பாலிசிகள் வாங்கும் வேளையில் உடல்நிலை பற்றி எதுவும் கேட்பதில்லை என்பதாகும். வயது, பயணச் செலவு, பயண நாள்கள் ஆகியவற்றைக் கொண்டே பிரீமியம் கணக்கிடப்படுகிறது. நோய் பற்றிய விசாரணை இழப்பீடு கோரும்போதுதான் தொடங்குகிறது. விற்பவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். பிரிட்டனில் நிலைமை இதற்கு நேர்மாறானது: அங்கு வாங்கும்போதே நோய்கள் ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகின்றன, கேட்டதற்குத் தவறான விடை தராதிருக்க உரிய கவனம் செலுத்துவது வாங்குவோரின் கடமை என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஆகவே ஒரு நாட்டாருக்குச் சொன்ன அறிவுரையை மற்றொரு நாட்டார் பின்பற்றுவது ஆபத்து.

அமெரிக்கப் பாலிசிகளில் 'முன்பே உள்ள நோய்' என்பதற்கு மருத்துவர் கொள்ளும் பொருள் வேறு, காப்பீட்டு நிறுவனம் கொள்ளும் பொருள் வேறு. பாலிசி வாங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும் 60 முதல் 180 நாள் வரையான காலத்தைப் பின்னோக்குக் காலம் எனலாம். அதற்குள் புதிய அறிகுறி தோன்றியிருந்தாலோ, பரிசோதனைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தாலோ, மருந்தின் அளவு மாறியிருந்தாலோ அந்நோய் முன்பே உள்ளதாகக் கருதப்பட்டு விலக்கப்படுகிறது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர் அந்த இடைவெளியில் ஒரே மாத்திரையை ஒரே அளவில் உட்கொண்டு வந்திருப்பாராயின், பல பாலிசிகளின்படி அவருக்கு இடையூறில்லை. மாறாக, இரத்த அழுத்தத்துக்கு 5 மில்லிகிராம் அம்லோடிபின் எடுத்துவந்த ஒருவருக்கு, பாலிசி வாங்குவதற்கு நாற்பது நாள் முன்பு மருத்துவர் அதனை 10 மில்லிகிராமாக உயர்த்தினார் என்று கொள்வோம். கோசுமெல் தீவுக்கு அருகே அவருக்கு மாரடைப்பு வந்தால், அந்த ஒரு மருந்துச் சீட்டே கோரிக்கையை மறுக்கப் போதுமானதாகலாம். உடல்நிலை தேறியதால் அளவைக் குறைத்ததும் மாற்றமாகவே கொள்ளப்படலாம் என்பது பலரும் எதிர்பாராத செய்தி. பயணம் செய்யாமல் வீட்டிலிருக்கும் முதிய தாயின் நோய் முற்றியதால் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தாலும், அத்தாயின் மருத்துவப் பதிவுகளும் இவ்வாறே ஆராயப்படும்.

இவ்விலக்கை நீக்கும் ஏற்பாடும் உண்டு. அதனை 'வெய்வர்' என்பர். முதல் முன்பணம் கட்டியதிலிருந்து பெரும்பாலும் 14 முதல் 21 நாள்களுக்குள் பாலிசி வாங்கியிருக்க வேண்டும், திரும்பப் பெறவியலாத செலவு முழுவதையும் காப்பீட்டில் காட்டியிருக்க வேண்டும், வாங்கும் நாளில் பயணம் செய்யத்தக்க உடல்நிலை இருக்க வேண்டும் என்பன இதன் வழக்கமான நிபந்தனைகள். கப்பல் பயணத்தில் இரண்டாவது நிபந்தனையே அதிகம் இடறுகிறது. அறைக்கு முன்பணம் கட்டிப் பாலிசி எடுத்தவர், சில மாதங்கள் கழித்து விமானச் சீட்டையும் கரைச் சுற்றுலாக்களையும் சேர்ப்பார். அத்தொகைகளை உரிய நாள்களுக்குள் பாலிசியில் கூட்டாவிடில் வெய்வரே கைநழுவக்கூடும். முன்பதிவின்போது கப்பல் நிறுவனமே நீட்டும் காப்பீடு எளிதெனத் தோன்றினும், அதன் மருத்துவ வரம்பு பெரும்பாலும் குறைவு. ரத்து நேர்கையில் பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்திற்கான வரவாகத் தருவதும் உண்டு.

அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டை நம்பிக் கப்பலேறுவது தகாது. கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் நிற்கும்போதோ, அங்கிருந்து ஆறு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும்போதோ அல்லாமல், கப்பலில் பெறும் சிகிச்சைக்கு அது பொறுப்பேற்பதில்லை. அதற்குத் துணையாக வாங்கும் மெடிகேப் பாலிசிகளுள் சில வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு, முதல் 250 டாலரை நோயாளியே ஏற்ற பின் 80 விழுக்காடு தருகின்றன. ஆயின் வாழ்நாள் வரம்பு 50,000 டாலர், அதுவும் பயணத்தின் முதல் 60 நாள்களுக்குள் தொடங்கும் சிகிச்சைக்கு மட்டுமே. தீவொன்றிலிருந்து மருத்துவ விமானத்தில் தாயகம் திரும்புவதற்கான செலவே இவ்வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

பயணக் காப்பீட்டில் அவ்விமானத்துக்கான பிரிவைப் படிக்கையில், தொகையைவிட யார் முடிவெடுப்பது என்பதையே கவனிக்க வேண்டும். நோயாளி விரும்பும் மருத்துவமனைக்கன்றி, தகுந்த வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்வது வழக்கம். நிறுவனத்தின் உதவி மையத்தைக் கேளாமல் உறவினர் தாமே விமானம் அமர்த்தினால் அச்செலவு மறுக்கப்படலாம். கப்பல் மருத்துவரின் கட்டணம் பயணியின் அறைக் கணக்கிலேயே ஏறும்; அதனை முதலில் செலுத்திவிட்டுப் பின்னரே கோரவேண்டியிருப்பதால், விவரமான ரசீதையும் மருத்துவர் குறிப்பின் படியையும் கரையிறங்குமுன் வாங்கிக்கொள்வது அனுபவமுள்ள பயணிகளின் வழக்கம். பிறகு அஞ்சலில் கேட்டுப் பெறுவது எளிதன்று.

அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் பெற்றோரை இத்தகைய கப்பலில் அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அவர்களுக்காக எடுக்கப்படும் விசிட்டர் காப்பீடுகள் பழைய நோயின் திடீர் வெளிப்பாட்டை மட்டுமே, அதுவும் முன்னறிகுறியின்றி நேர்ந்து, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை பெறப்பட்டால் மட்டுமே ஏற்கின்றன; எழுபது வயதைக் கடந்தோருக்கு அச்சலுகை குறைக்கப்படுவதும் நீக்கப்படுவதும் உண்டு. இவை பயணச் செலவைக் காப்பதில்லை. அமெரிக்காவுக்கு வெளியே எந்த அளவு செல்லும் என்பதும் பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். எனவே கப்பல் கடக்கும் நாடுகளின் பெயர்களைச் சொல்லி நிறுவனத்திடம் எழுத்து மூலம் விடை பெற்ற பின்னரே பெற்றோருக்கான அறையை முன்பதிவு செய்வது தகும்.