பழைய புல்லட்டிற்கு எந்தக் கார்புரேட்டர்?

நம் விடுதி வாசலில் நிற்கும் வண்டிகளுள் மூன்று, சென்னைத் திருவொற்றியூரில் பிறந்த பழைய 350 புல்லட்டுகள். வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்டவை. அவற்றுள் ஒன்றின் சொந்தக்காரர் சென்ற மாதம் என்னிடம் வந்து, "கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது. பெரியதாக ஒன்று போட்டால் வண்டி பறக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா, அண்ணா?" என்று கேட்டார். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம்! வீணாகலாமா? அவருக்குச் சொன்னதையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

முதலில், இருப்பது இன்னதென்று அறிய வேண்டும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உடலில் பொறித்த எழுத்தைப் படியுங்கள். மிதவைக் கிண்ணம் பக்கவாட்டில் உடலோடு ஒன்றாய் வார்க்கப்பட்டு, 376 என்று தொடங்கும் எண் இருந்தால் அது 1955-இல் வந்த ஆங்கிலேய ஆமல் மோனோபிளாக். சாய்கோட்டிற்கு முன்னுள்ளது வகை. பின்னுள்ளது எந்த வண்டிக்கென அமைத்தது என்பதன் குறி. கிண்ணம் அடியில் இருந்தால் 1967-இல் வந்த ஆமல் கான்சென்ட்ரிக் ஆகலாம். அதில் 626 என்றிருந்தால் துளை 26 மில்லிமீட்டர். நம்மவர் வண்டிகளில் பெரும்பாலும் காண்பது மிக்கார்ப் வி.எம். 24, ஜப்பானிய மிகுனி அமைப்பைத் தழுவியது. வி.எம். 28 என்பது 500 புல்லட்டிற்கு உரியது. கடைக்காரர் விற்க முயன்றது இதைத்தான். எண் அழிந்திருந்தால் வெர்னியர் கொண்டு துளையை அளந்துவிடலாம். பௌதிக ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

பெரியது ஏன் ஆகாது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 4,000 சுற்றில் ஓர் உறிஞ்சு வீச்சு ஒரு விநாடியில் 1,000-இல் 7.5 பங்கு நேரமே நடக்கிறது. உருளை முழுதும் நிரம்புவதாகக் கொண்டால், 24 மில்லிமீட்டர் துளையில் காற்று விநாடிக்கு ஏறத்தாழ 102 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. 28-இல் 75 மீட்டர்தான். பெட்ரோலை மேலே இழுக்கும் அழுத்தக் குறைவோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. குறைந்த சுற்றில், பாரத்தோடு மேடேறும்போது திடீரென்று முறுக்கினால், பெட்ரோல் சரிவர எழாமல் எஞ்சின் திணறும். பந்தய வண்டிக்குப் பெரிய துளை பொருந்தலாம்; அது எப்போதும் உயர்ந்த சுற்றில் ஓடுவது. சந்தை நெரிசலில் ஊர்ந்து செல்லும் நமக்கு 24 தான் தகும்.

பழையது வாங்கினால் ஸ்லைடை விரலால் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து கடகடவென்றால், அதன் ஓரமாய்க் காற்று கசிந்து, எஞ்சின் நிதானமாய் நின்று ஓடாது. என்ன ஜெட் மாற்றினாலும் பயனில்லை.

இன்னொன்று. இப்போது பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எதனால் கலந்த பெட்ரோல். எதனாலில் ஆக்சிஜன் உண்டாதலால் பழைய ஜெட்டில் கலவை மெலிகிறது. முறுக்கும்போது கார்புரேட்டர் வழியே 'டப்'பென்று தும்மும். நடுத் திறப்பில் இப்படியானால் ஊசியை ஒரு படி உயர்த்துங்கள். முழுத் திறப்பில் என்றால் பெரிய ஜெட்டை ஓர் எண் கூட்டுங்கள். பழைய ரப்பர் குழாயையும் அப்போதே மாற்றிவிடுவது நலம்.

பொருத்துமுன் விளிம்பைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். முன்பு யாரோ நட்டை மிகையாய் இறுக்கியிருந்தால் அது வளைந்திருக்கும். அதே கண்ணாடியில் எமரித் தாளை விரித்துத் தேய்த்தால் சமமாகிவிடும். அரை மணி வேலை.