உப்புக் காற்றில் ஓர் ஆர்கேட் பெட்டி

மேசையில் வைக்கிற ஆர்கேட் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறவர்கள் அநேகமாகப் பலகையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். என்ன பலகை, எவ்வளவு தடிப்பு, எந்தக் கடை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் என்ன விளையாடப் போகிறீர்கள்? திரை நிமிர்ந்து நிற்பதா படுத்திருப்பதா, பட்டன் எத்தனை, ஒருவருக்கா இருவருக்கா என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. பலகை கடைசி.

என் பெட்டிக்கு நான் தெரிந்தெடுத்தது '1942'. ஜப்பானின் கப்கொம் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆட்டம். விளையாடுகிறவர் அமெரிக்க விமானம் ஒன்றை ஓட்டி, ஜப்பானிய விமானங்களைச் சுட்டுக்கொண்டு டோக்கியோவை நோக்கிப் போகவேண்டும். ஜப்பானியர்களே இப்படி ஓர் ஆட்டத்தைச் செய்தது தனிக் கதை. திருகோணமலையில் அந்த ஆண்டுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுபோட்டுத் தாக்கின. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். ஆட்டத்தின் படத்தைப் பார்த்ததும் என் மருமகன், "மாமா, இது எங்கட சீனக்குடாச் சண்டையா?" என்று கேட்டான். இல்லைதான். ஆனால் அப்படி ஒரு கேள்வி வரும் என்றால் அந்த ஆட்டம் வீட்டில் இருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

ஆட்டம் முடிவானதும் கணக்கு சுலபமாகிவிட்டது. 1942இல் இரண்டு பேர் விளையாடினாலும் மாறி மாறித்தான் விளையாட வேண்டும். ஆகவே ஒரு ஜோய்ஸ்டிக் போதும். சுடுவதற்கு ஒரு பட்டன், விமானம் குட்டிக்கரணம் அடிக்க ஒரு பட்டன். காசு போடுவதற்குப் பதிலாக ஒன்று, தொடங்க ஒன்று, ஆட்டத்தைவிட்டு வெளியேற ஒன்று. முதல் பெட்டியிலேயே இரண்டு பேருக்கு இடம், ஆளுக்கு ஆறு பட்டன் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாடுகிறவருக்கு அது தேவைதான். மற்றவர்களுக்குப் பெட்டி அகலமாகி, பாரமாகி, சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

இனித் திரை. 1942, பக்மன், கலாகா எல்லாம் நிமிர்ந்த திரைக்குச் செய்தவை. படத்தின் அகலமும் உயரமும் மூன்றுக்கு நான்கு. இப்போது கடையில் கிடைக்கும் அகலத் திரையை அப்படியே படுக்கையாக வைத்தால், 1920 புள்ளி அகலத்தில் 810 புள்ளிதான் படம், மிச்சமெல்லாம் கறுப்பு. அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய 17 அல்லது 19 அங்குலச் சதுர மொனிட்டரைத் தேடுங்கள். அதன் அளவு 1280க்கு 1024. செங்குத்தாகத் திருப்பினால் படம் 960க்கு 1280 ஆக நிறைந்து நிற்கும், இரு ஓரத்திலும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மட்டும். பின்னால் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் நான்கு ஸ்க்ரூத் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பலகையில் பூட்டுவது பெரிய வேலையில்லை.

இந்தப் பழைய மொனிட்டர்களில் ஒரு குணம் உண்டு. கீழேயிருந்து பார்த்தால் படம் இருண்டுபோகும். செங்குத்தாகத் திருப்பும்போது அந்த இருட்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ வந்துவிடும். ஆகவே வாங்கும் இடத்திலேயே மின்சாரம் கொடுத்து, ஒரு சாம்பல் நிறப் படத்தைப் போட்டு, திருப்பிப் பிடித்துப் பாருங்கள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஆள் எந்தப் பக்கம் நிற்பார் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

உள்ளே வைக்கும் கணினி பற்றிச் சுருக்கமாக. ராஸ்பெரி பை சிறியது, சூடு குறைவு. ஆனால் கரண்ட் திடீரென்று நின்றால் அதன் மெமரி கார்ட் பழுதாகக்கூடும்; 2022இல் நாள் கணக்காக மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இதைத் தள்ளிவிட முடியாது. கார்டை வாசிப்புக்கு மட்டும் பூட்டிவைக்கும் வசதி அதிலேயே உண்டு. அப்படிப் பூட்டினால் எடுத்த புள்ளிகளும் பதிவாகாது, பிள்ளைகள் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் அலுவலகப் பாவனைக்கான சிறிய கணினி ஒன்றை வைத்தேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்க 1997இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய மேம் என்ற மென்பொருள் இலவசம். அதில் ஓடும் ஆட்டங்கள் இலவசமல்ல, அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. கணினிக்கென்று கப்கொம் 2021இல் வெளியிட்ட ஆர்கேட் தொகுப்பில் 1942ஐக் காசு கொடுத்தே வாங்கலாம்; அதுதான் அந்தக் காரணம். உரிமையாளர்களின் அனுமதியோடு மேம் குழுவே சில பழைய ஆட்டங்களைத் தருகிறது. 'ராபி ரோட்டோ' அதில் ஒன்று. பெட்டியைப் பரிசோதிக்க அது போதும்.

திருகோணமலை நகரத்தின் ஒரு பக்கம் உட்துறைமுகம், மறு பக்கம் டச் பே. எந்த வீட்டில் பெட்டியை வைத்தாலும் கடற்காற்றுக்குத் தப்பாது. வெளிநாட்டுக்காரர் போடும் அளவுப்படங்கள் எல்லாம் எம்டிஎஃப் பலகைக்குத்தான். எங்கள் ஓடாவியாரிடம் அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "தம்பி, அது இங்க சரிவராது. ஒரு மாரிக்கு ஓரமெல்லாம் பாண் மாதிரி ஊதிப்போகும்." அவர் சொன்னபடி 12 மில்லிமீற்றர் மெரீன் பிளைவூட் எடுத்தேன். எட்டுக்கு நாலடித் தாள் ஒன்று தாராளமாகப் போதும். வெட்டிய ஓரங்களுக்குத்தான் முதலில் பிரைமர், அதுவும் இரண்டு தரம். தண்ணீர் குடிக்கும் இடம் அதுதான். ஸ்க்ரூவும் பிணைச்சலும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். படகுச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பட்டன்களுக்குள் இருக்கும் சிறு ஸ்விட்சுகளை உப்பு ஒருநாள் தின்னும். ஆகவே நான் போட்ட திட்டத்தில் பாதிக்குமேல், பெட்டியை எப்படித் திறப்பது என்பதைப் பற்றித்தான். பின்பலகை கதவாகத் திறக்க வேண்டும். ஜோய்ஸ்டிக்கும் பட்டனும் இருக்கும் மேற்பலகை மூடியைப் போல எழும்ப வேண்டும். வயர்கள் அதற்கு இடம்கொடுக்கும் நீளத்தில் இருக்க வேண்டும். எந்த வயரையும் ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். கழற்றி மாட்டும் முனை போடுங்கள், ஒவ்வொன்றிலும் சிறு தாளில் பெயர் எழுதி ஒட்டுங்கள். பட்டனிலும் தெரிவு உண்டு. ஜப்பானிய வகையில் ஸ்விட்ச் உள்ளேயே அடைபட்டிருக்கும். கைக்கு மென்மை, ஆனால் கெட்டால் பட்டனையே மாற்றவேண்டும். அமெரிக்க வகையில் ஸ்விட்சைத் தனியே கழற்றலாம், தடித்த பலகையிலும் மரை போட்டு இறுக்கலாம். கரையோரத்துக்கு இரண்டாவதுதான் என் தீர்ப்பு. ஸ்விட்சுகளை முதல் கொள்வனவிலேயே கூடுதலாக எடுத்துவையுங்கள். பிறகு ஒன்றிரண்டுக்காகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவரை யார் போவது?

காற்றோட்டத் துளை கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம். இரண்டுக்கும் நுண்ணிய வலை கட்டாயம். சூடான மொனிட்டரின் பின்பக்கத்தைப் போலப் பல்லிக்குப் பிடித்த இடம் வீட்டில் வேறில்லை. 230 வோல்ற் உள்ளே வரும் வயரை மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டாமல் தனிப் பக்கமாகக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் பின்கதவைத் திறக்காதபடி ஒரு பூட்டும் வேண்டும்.

எல்லாச் சாமானும் கைக்கு வந்தபிறகு, பிரிட்ஜ் வந்த காட்போட் பெட்டியை வெட்டி முழு அளவில் ஒரு மாதிரி செய்யுங்கள். இணையத்தில் சொல்லும் அளவை நம்பாதீர்கள், கையிலிருக்கும் சாமானை அளந்து பாருங்கள். மாதிரியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வீட்டிலுள்ள குட்டையானவரையும் நெட்டையானவரையும் இருத்திப் பாருங்கள். மணிக்கட்டு மடிந்தால் மேற்பலகை உயரம் கூட. திரை சாய்வையும் அந்த மட்டையிலேயே தீர்த்துக்கொள்ளலாம். நான் 40 சென்ரிமீற்றர் அகலத்தில் நின்றேன். ஒருவருக்கு இடது கையும் வலது கையும் முட்டாமல் அது சரியாக இருக்கிறது.

பலகை வெட்டுவதையும் பெயின்ட் அடிப்பதையும் ஆடி, ஆவணிக் காய்ச்சலில் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் இங்கே எந்தப் பெயின்டும் ஒழுங்காகக் காயாது.