பழைய தீயணைப்புக் கருவி

மாணவச் செல்வங்களே! பள்ளித் தாழ்வாரத்துச் சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியை நாள்தோறும் காண்கிறீர்கள். ஆயினும், அது பழையதாகிவிட்டால் அதனை என்ன செய்வது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெற்றோரும் இக்கட்டுரையைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தல் நன்று.

பெட்டாலிங் ஜெயாவில் நம் மாணவன் ஒருவனின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதிருக்கத் துருவேறிய தீயணைப்புக் கருவியொன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். "முள் கீழே இறங்கிவிட்டது, வாத்தியாரையா, உள்ளே ஒன்றுமில்லை. பழைய இரும்பு லாரி வரட்டும், போட்டுவிடலாம்" என்றார் பாட்டியார். "சுராட் கபார் லாமா, பெசி பூரோக்" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு நம் தெருக்களில் வரும் லாரியைத்தான் அவர் குறிப்பிட்டார்.

உள்ளே ஒன்றுமில்லை என்பது சரியா? வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது உலர்தூள் கருவி. அதனுள் மாவு போன்ற தூளும், அதனை வெளியே தள்ளுவதற்கு அழுத்தி அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயுவும் உள்ளன. அவ்வழுத்தம் காரின் சக்கரத்தில் உள்ளதைப் போல் ஐந்தாறு மடங்கு. அளவுமானி பழுதடைந்தால் முள் பொய் சொல்லும். முள் இறங்கியிருந்தும் உருளைக்குள் அழுத்தம் எஞ்சியிருக்கக்கூடும். சில கருவிகளில் அளவுமானியே இராது. கொம்பு போன்ற வாயுடைய கரியமிலவாயுக் கருவி அத்தகையது. அதன் அழுத்தமோ கார்ச் சக்கரத்தைப் போல் 25 மடங்குக்கும் மேல். வெப்பம் ஏற ஏற அதுவும் ஏறும். ஆகவேதான் அதன் உருளை அத்துணை கனமாக இருக்கிறது.

இத்தகைய உருளையைக் குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை லாரியின் அழுத்துபொறி அதனை நசுக்கும். பழைய இரும்புக் கடையில் போட்டால், வெட்டுபவரின் தீச்சுடர் அதன்மேல் படும். இரண்டிலும் உயிருக்கு ஆபத்து நேர்வது அதனை எறிந்தவருக்கன்று. அது என்னவென்றே அறியாத ஒரு தொழிலாளிக்கு. வால்வு உடைந்தாலோ உருளை வாணம்போல் பாயும்.

பெரியவர்களுள் சிலர், தலைகீழாகக் கவிழ்த்துப் பயன்படுத்தும் சோடா அமிலக் கருவியைக் கண்டிருக்கலாம். கவிழ்த்த பின்னரே அதில் அழுத்தம் உண்டாகும். நாளடைவில் அரிப்புண்ட உருளை அவ்வழுத்தத்தைத் தாங்காது வெடித்துக் கையாண்டவரையே தாக்கியதுண்டு. அமெரிக்காவில் 1969இல் அதன் உற்பத்தி நின்றது. 'ஹேலான்' என்று பொறித்த கருவி கிடைத்தால் அதனையும் திறந்துவிடலாகாது. அவ்வாயு, கதிரவனின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிப்பது. 1987இல் உருவான மொன்றியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகளிலும் 2010இல் அதன் உற்பத்தி முடிவுக்கு வந்தது. நுரைக் கருவியின் நீரையும் கால்வாயில் ஊற்றுதல் தகாது. நம் கால்வாய் நீர் ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது.

தோட்டத்து அன்பர்களுக்கு ஒரு செய்தி. பல கருவிகளிலுள்ள மஞ்சள் தூளில் பெரும்பகுதி அமோனியம் பாஸ்பேட். நாம் மரத்திற்கு இடும் உரத்திலும் உள்ள பொருளே அது! அதற்காக நீங்களே ஊசியைக் கழற்றிச் செடிக்குத் தூவ முற்படாதீர்கள். ஈரம் படாதிருக்க அதில் வேறு பொருளும் கலந்திருப்பார்கள். மூடிய அறையில் மூச்சையும் அது திணறடிக்கும்.

ஆகவே, தீயணைப்புக் கருவிகளைப் பழுதுபார்த்து நிரப்பும் நிறுவனத்தாரிடமே பழையதை ஒப்படைக்க வேண்டும். புதியது வாங்கும்பொழுதே, பழையதை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுவிடலாம். அவர்கள் அழுத்தத்தை முறைப்படி நீக்கி, தூளைத் தனியே பிரித்தெடுத்து, வால்வைக் கழற்றிய பிறகே அவ்வுருளை வெறும் இரும்பாகிறது. அதுவரை அதனை நிமிர்த்தி, வெயிலும் அடுப்பும் அணுகாத இடத்தில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள். 'பழுது' என்று எழுதிக் கட்டவும் மறவாதீர்கள். ஏனெனில், தீப்பிடித்த நேரத்தில் ஒருவர் அதனை நம்பி எடுத்தோடிப் பிடியை அழுத்த, ஒன்றும் வாராமற்போனால், 999 எண்ணுக்கு அழைத்திருக்க வேண்டிய மணித்துளிகள் அங்கே வீணாகிவிடும்.

பாட்டியாரின் கருவியை அவர் மகன் அடுத்த வாரமே நிறுவனத்தாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே பாதித் தூளும் ஓரளவு அழுத்தமும் எஞ்சியிருந்தனவாம். கதவுக்கு இப்பொழுது அம்மிக் குழவி முட்டுக் கொடுத்து நிற்கிறது.