வௌவாலின் வழியறிய வானொலி

மரத்தை வெட்ட அனுமதி கோரி வட்டார வளர்ச்சி அதிகாரிக்கு மனுக்கள் வந்தவண்ணம் இருக்கும். சாலைக்கு இடைஞ்சல், மின்கம்பிக்கு இடைஞ்சல், கட்டடத்துக்கு இடைஞ்சல் என்று காரணங்கள் பலவாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பஞ்சாயத்திலிருந்து வந்த மனுவில் கண்ட காரணமோ வேறு. ஊர்க்கோடியில் அய்யனார் கோயிலருகே உள்ள ஆலமரத்தில் நூற்றுக்கணக்கான பெரிய வௌவால்கள் தொங்குகின்றன. அவற்றால் மாந்தோப்புக்குச் சேதம். நோய் பரவும் என்ற அச்சமும் உண்டு. ஆகையால் மரத்தை அகற்ற வேண்டும் என்பது மனுவின் சாரம்.

நேரில் சென்று விசாரித்தேன். அங்கத்தினர்களில் பாதிப் பேர் வெட்டலாம் என்றனர். மற்றவர் வாய் திறக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு மூதாட்டியார்தாம், "அய்யனார் மரத்துல கை வைக்கவா இத்தனை பேரு கூடினீங்க?" என்று கேட்டார். மனு அத்துடன் முடிந்தது. மரம் தப்பியது, எனக்கும் திருப்தியே.

அதே ஆண்டில், அவ்வூரை அடுத்த ஏரிக்கரையைப் பலப்படுத்துவதற்காக, கரைமீதிருந்த பழைய இலுப்பை மரங்களை ஏலம் விடும் கோப்பும் என் மேசைக்கு வந்தது. விதிகளின்படி எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்திட்டேன். மூன்றாம் ஆண்டு அவ்வழியே சென்றபோது ஆலமரத்தை அண்ணாந்து பார்த்தேன். மரம் அப்படியே நின்றது. வௌவால்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தன. இலுப்பை போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க இயலாது. ஆனால் வௌவாலின் வீடு என்று நாம் எண்ணுவது அதன் வீட்டில் ஒரு பாதிதான் என்பதை அன்றுதான் சிந்திக்கத் தொடங்கினேன். மறுபாதியை அறிவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பகலில் வௌவால் எங்கே இருக்கிறது என்பதை எவரும் கூறிவிடலாம். இரவில் அது எங்கே போகிறது? நான் குடியிருக்கும் எம்.கே.பி. நகரிலேயே இக்கேள்விக்கு விடை கூற முடிவதில்லை. எங்கள் தெருவில் நெட்டிலிங்க மரங்கள் உண்டு. அவற்றில் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால்கள் சில தங்குகின்றன. நாற்பது, ஐம்பது கிராம் எடையுள்ள சிறு பிராணிகள் அவை. பொழுது சாய்ந்ததும் புறப்பட்டு, பக்கத்துத் தெருவின் வாதுமை மரத்துப் பழத்தைக் கவ்விவந்து தின்று, கொட்டையை என் மாடிப்படியில் போட்டுவிடுகின்றன. இது எனக்குத் தெரிகிறது. அதன்பின் அவை கால்வாயைக் கடந்து கொருக்குப்பேட்டைப் பக்கம் போகின்றனவா, திருவொற்றியூர்ப் பக்கம் போகின்றனவா என்பதை மொட்டை மாடியில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் அறிய முடியாது. இருட்டு அவற்றை விழுங்கிவிடுகிறது.

இந்த இருட்டை ஊடுருவுவதற்கு விஞ்ஞானிகள் கைக்கொண்ட சாதனம் வானொலி. முறை எளியது. வலையில் வௌவாலைப் பிடித்து, முதுகில் தோள்களுக்கிடையே சிறிது மயிரைக் கத்தரித்து, மிகச் சிறிய வானொலி ஒலிபரப்பி ஒன்றைப் பசையால் ஒட்டி விடுகின்றனர். பிராணியின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கருவியின் எடை இருத்தலாகாது என்பது ஆராய்ச்சியாளர் பின்பற்றும் பொது விதி. அதாவது, எங்கள் தெரு வௌவாலுக்கு இரண்டு கிராம் அளவுக்குள் இருக்க வேண்டும். மின்கலமும் அதற்குள் அடக்கம். சில வாரங்களில் பசை விட்டுக் கருவி தானே உதிர்ந்துவிடும். ஒரு கிலோவுக்கு மேலும் எடையுள்ள பெரிய பழந்தின்னிகளுக்குக் கழுத்துப் பட்டையாகவும் கட்டுவர். செயற்கைக்கோள் மூலம் இடமறியும் கருவியைத் தாங்கவும் அவற்றுக்கு வலுவுண்டு.

கருவி ‘டிக், டிக்’ என்று விட்டுவிட்டு ஒலிக்குறிகளை அனுப்பிக்கொண்டிருக்கும். தூர்தர்ஷன் பார்ப்பதற்காக முன்பு வீட்டுக்கு வீடு கூரைமேல் நாட்டிய மீன்முள் போன்ற ஆண்டெனா நினைவிருக்கும். அதைப் போன்ற ஒன்றைக் கையில் ஏந்தி மெல்லத் திருப்பினால், எந்தத் திசையில் ஒலி ஓங்குகிறதோ அந்தத் திசையில் வௌவால் இருக்கிறது. திசை தெரிந்தால் போதுமா? தூரம் தெரிய வேண்டாமா? அதற்காக இரண்டு பேர் வெவ்வேறு இடங்களில் நின்று, ஒரே நிமிஷத்தில் திசையைக் குறித்துக்கொள்வர். இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் இழுத்தால் அவை வெட்டும் புள்ளியே வௌவால் இருக்குமிடம். நம் நில அளவையாளர் இரண்டு கற்களிலிருந்து மூன்றாவது இடத்தைக் காண்பதும் ஏறக்குறைய இம்மாதிரிதான். ஒவ்வொரு வௌவாலுக்கும் தனித்தனி அலைவரிசை கொடுப்பதால் குழப்பம் நேராது.

சிரமங்களும் உண்டு. இவ்வலைகள் நேர்கோட்டில் செல்பவை. குன்றும் கட்டடமும் மறைக்கும்; இரும்புக் கொட்டகைகளில் பட்டுத் திரும்பித் தவறான திசையையும் காட்டும். ஆகவே ஆராய்ச்சியாளர் பாறைமேலும் நீர்த்தேக்கத் தொட்டிமேலும் ஏறி நிற்பர். கொள்கலன்களை மலைபோல் அடுக்கி வைத்திருக்கும் எங்கள் துறைமுகப் பகுதியில் இவ்வேலை எவ்வளவு கடினமாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. மாரிமுத்துவும் அவருடன் உழைத்தவர்களும் இம்முறையை இங்கே கையாண்டிருக்கின்றனர். தவளை, எலி, பல்லி முதலியவற்றைப் பிடித்துண்ணும் பெருஞ்செவி வௌவால்களை இவ்வாறு பின்தொடர்ந்த ஆய்வு 1991-ல் வெளியாயிற்று. குறுமூக்குப் பழந்தின்னியைப் பற்றிய ஆய்வு 1998-ல் வந்தது. பிந்திய இந்த வௌவாலின் ஆண், இலைக்காம்புகளையும் கொடிகளையும் கடித்துக் கடித்துக் கூடாரம் அமைத்துப் பெண்களைக் குடியேற்றும் வழக்கமுடையது. பாளையங்கோட்டையில் பாலசிங், கோயில்ராஜ் ஆகியோர் அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் குன்ஸுடன் சேர்ந்து இக்கூடாரங்களை ஆராய்ந்து 1995-ல் எழுதினர். வானொலி கட்டிப் பார்த்தபோது, கூடாரமுடைய ஆண் கிட்டத்திலேயே இரைதேடி அடிக்கடி வீடு திரும்புவதும், பெண்கள் அதைவிடத் தொலைவு செல்வதும் தெரியவந்தன. ஆணுக்குக் கூடாரம் அமைந்த மரமும் அதன் சுற்றுப்புறமும் வேண்டும். பெண்ணுக்கோ அதற்கப்பால் உள்ள மரங்களும் வேண்டும். ஒரே இனம், ஒரே மரம். ஆயினும் தேவை வேறு.

பெரிய பழந்தின்னிகளோ நாட்டெல்லையையும் பொருட்படுத்துவதில்லை. மலேசியாவில் அவ்வினத்தைச் சேர்ந்த வௌவால்களுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தியபோது, அவை இந்தோனேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போய் வந்தது 2009-ல் வெளியான ஆய்வில் காணப்படுகிறது. அப்படியிருக்க, ஒரு பஞ்சாயத்தின் எல்லைக்கல் அவற்றுக்கு எம்மாத்திரம்?

மதுரைக்கருகே புளியங்குளத்தில், முனியாண்டி காவல் என்ற நம்பிக்கையால் ஓர் ஆலமரத்து வௌவால்களை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததை மாரிமுத்து 1988-ல் எழுதினார். பகல் மரத்தைத் தெய்வம் காக்கிறது. இரவு மரங்களைக் காப்பது யார்? இலுப்பைக்கு அய்யனார் இல்லை. ஏலக் கோப்புத்தான் இருக்கிறது.

இலுப்பையை நான் வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. இலுப்பையின் சதைப்பற்றுள்ள பூவை வௌவால் விரும்பித் தின்னும். தின்னும்போதே மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு செல்லும். இரவில் மலரும் இலவம் பூவுக்கும் அவ்வாறே. அத்தி, ஆல், நாவல், புன்னை ஆகியவற்றின் விதைகளைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுவதும் அதுவே. பூச்சி தின்னும் சிறு வௌவால்களைப் பற்றியும் ஒரு சொல்: நெற்பயிரைத் தாக்கும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தாய்லாந்தில் வௌவால்கள் பெருமளவில் உண்கின்றன என்று ஆராய்ந்து கண்டிருக்கின்றனர்.

மாந்தோப்புக்காரரின் குறையை நான் மறுக்கவில்லை. சேதம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அப்பட்டியலே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே இனிக் கொல்வது வழியன்று. கொய்யா, மாதுளையை உறையிட்டுக் கட்டலாம். வலை போடுவோர் தளர்ந்த நைலான் மீன்வலையை விடுத்து, சிறு கண்ணுள்ள வலையை இழுத்துக் கட்டினால் பழமும் தப்பும், பிராணியும் சிக்கிச் சாகாது. பெரிய பழந்தின்னி ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நோயச்சத்திலும் நியாயமுண்டு. 2018-ல் கேரளத்தில் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிப்பா காய்ச்சலால் 17 பேர் இறந்தனர். அக்கிருமி பழந்தின்னிகளிடம் வாழ்வது. அதற்காக மரத்தை வெட்டினால் கூட்டம் கலைந்து பத்து மரங்களுக்குச் சிதறுமேயன்றி, நோய் ஒழியாது. வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதிருப்பதும், கீழே விழுந்த வௌவாலைக் கையால் தொடாதிருப்பதும், பதநீர்க் கலயத்தை மூடிக் கட்டுவதுமே செய்யத்தக்கவை. வங்கதேசத்தில் ஈச்சஞ்சாறு இறக்குவோர் மூங்கிற் தட்டியால் கலயத்தை மறைத்து வௌவாலைத் தடுக்கின்றனர்.

வானொலி கட்டுவது பயிற்சி பெற்றவர், வனத்துறையின் அனுமதியோடு செய்யவேண்டிய வேலை. ஆனால் அதன் தத்துவத்தைப் பஞ்சாயத்து இரவல் வாங்கலாம். அடுத்தடுத்த மூன்று குக்கிராமங்களில் இருவர் இருவராக ஒரே மாலையில் நிற்கட்டும். வௌவால்கள் எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசையில் போயின, ஏறக்குறைய எத்தனை என்று குறிக்கட்டும். இரவு எந்த மரத்தில் சந்தடி கேட்டது, மறுநாள் காலை எந்த மரத்தடியில் சக்கையும் கொட்டையும் கிடந்தன என்றும் பார்க்கட்டும். பங்குனியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை, மழைக்குப்பின் ஒரு முறை செய்தால், எந்தப் பருவத்துக்கு எந்த மரம் என்பது விளங்கிவிடும். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இருக்கவேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அம்மரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு ஏலக் கோப்பு வரும்போது அந்தப் பதிவேட்டையும் உடன் வைத்து அனுப்புங்கள். கையெழுத்திடுபவர் பார்க்காமல் தள்ள முடியாது.

நான் கூறிய ஊரில் சென்ற பங்குனியில் இவ்வாறு செய்து பார்த்தோம். பள்ளி மாணவர் சிலரும் வந்தனர். ஒருவன் எண்ணுகையில் தூங்கிவிட்டான். மிஞ்சிய வௌவால்களில் பெரும்பகுதி வடகிழக்கே, வேறொரு பஞ்சாயத்தைச் சேர்ந்த கோயில் தோப்புக்குப் போவதாகத் தெரிந்தது. அங்கே இலுப்பை பதினொன்று நிற்கின்றன. அவ்வூர்த் தலைவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பலப்படுத்திய ஏரிக்கரையின் அடிவாரத்துக்கு அப்பால், மண்ணுக்கு ஊறு வராத இடத்தில், ஐப்பசியில் நாற்பது இலுப்பைக் கன்றுகள் நட்டோம். முப்பத்தொன்று பிழைத்திருக்கின்றன. அவை பூக்கப் பத்து ஆண்டுகளேனும் ஆகும்; அதற்குள் எனக்கு எத்தனையோ ஊர் மாற்றல் வந்திருக்கும்.